ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கேம்ஸ் மாஸ்டர்

'தெரியாது' என்ற சொல்லை நான் என் வாழ்நாளில் மிகவும் சிக்கனமாகத்தான் செலவழித்திருக்கிறேன். நிறையத் தெரிந்ததால் அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் அதை விடவில்லை, அதுதான் என்னை விட்டது). ஆனால் சாந்தோம் பக்கத்தில் எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் சத்துணவு சமைத்தவள் நான். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் வாயிலிருந்து தெரியாது என்று ஒரு சொல் வந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் யார் எதைச் சொன்னாலும் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிடுவேன். பிறகு ஓய்வாக உட்கார்ந்து அதற்கு நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் வரும்.

ஒரே ஒரு தடவை வரவில்லை. அந்தத் தடவை பார்த்து மைக் இருந்தது, பந்தல் இருந்தது, பாண்டு வாத்தியம் இருந்தது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதரும் இருந்தார்.

முதலில் என் மகன் செல்வினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சமையல் என் ரத்தத்தில் இருப்பதால் அவன் ரத்தத்திலும் இருக்கிறது. கேட்டரிங் படித்துவிட்டு, இரண்டு மூன்று ஊர் சுற்றி, கடைசியில் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா என்ற தேசத்தில் போய் உட்கார்ந்தான். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சதுப்பு நிலமாம். பாதி வருடம் தண்ணீர், பாதி வருடம் புல். அந்தப் புல்லுக்கு நடுவில் கூடாரம் போட்டு ஒரு முகாம். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து, படகில் போய், ஒரு பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்களாம். அவர்களுக்குச் சமைப்பதுதான் இவன் வேலை.

"பறவையைப் பாக்கிறதுக்கா காசு குடுக்கிறான்? நிஜமாவா?" என்று கேட்டேன்.

அவன் போனில் படம் அனுப்பினான். ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பறவை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய செருப்பு. மணிக்கணக்காக அசையாமல் நின்று முறைக்குமாம். அதன் கூட்டை யாரும் கலைக்காமல் இருக்க, அந்த ஊர் மீன்பிடிக்கிறவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்திருக்கிறார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் என் அம்மா மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த காலத்தில் எத்தனை வெள்ளைக்காரர்கள் வந்து அவளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்! ஒரு மத்திமீன் வாங்கியிருப்பானா ஒருத்தன்? அங்கே செருப்பு மூக்குக்கு வந்த யோகம் எங்கள் அம்மாவுக்கு வரவில்லை.

"சீசன்ல சுடுறதுக்கும் ஆளுங்க வருவாங்கம்மா. அவங்களுக்கும் நான்தான் சமைக்கிறேன்" என்றான்.

"தெரியும், தெரியும்" என்றேன். சுடுவது என்றால் எனக்கு வடை சுடுவது, அப்பம் சுடுவது, அதிகம் போனால் கருவாடு சுடுவது. வெள்ளைக்காரர்கள் நெருப்பு மூட்டிக் கறி சுடுவதை டிவியில் பார்த்திருக்கிறேன். வெளியே போய்ச் சுட்டுக்கொள்ளட்டும், இவன் சோறு மட்டும் வடித்தால் போதும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். (முதல் தப்பு. இதற்கு இன்னும் இரண்டு தம்பிகள் வரப்போகிறார்கள்.)

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் செல்வின் போன் செய்தான். குரலில் சுரத்தே இல்லை.

"ம்மா, என் காண்ட்ராக்ட் முடியுது. முகாம் இருக்கிற நிலம் ஊருக்குச் சொந்தம். யாரை வெச்சுக்கணும், யாரை அனுப்பணும்னு ஊர்க் கமிட்டிதான் சொல்லும். உள்ளூர் ஆளை வெச்சுக்கலாம்னு பேச்சு அடிபடுது."

"வுட்டுட்டு வந்துடு நைனா. இங்க கறி வெட்டுற கடையில்கூட உனக்கு வேலை கீது."

"ம்மா, சொல்றதைக் கேளு. மிஸ்டர் முலேங்கான்னு ஒருத்தர். கமிட்டியில அவர் சொன்னா சொன்னதுதான். கண்ணு ஆபரேஷனுக்கு மெட்ராஸ் வர்றார், நான்தான் டாக்டரைச் சொல்லி அனுப்புறேன். நீ ஒரு வேளை நல்ல சாப்பாடு போடு. அது போதும். வேற எதுவும் பண்ணாதே. புரியுதா? வேற எதுவும்."

"அவர் இன்னா வேலை பாக்கிறார்?"

"சீனியர் கேம் ஸ்கவுட்."

"தெரியும், தெரியும்."

இது தெரியாமல் போகுமா எனக்கு? எங்கள் பள்ளிக்கூடத்தில் கேம்ஸ் பீரியடும் உண்டு, ஸ்கவுட்டும் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஆள்தான், பெர்னார்ட் சார். காலையில் விசிலோடு நிற்பார், மாலையில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்பார். (அந்தச் செருப்பு மூக்குப் பறவையின் படத்தைப் பார்த்தபோதே யாரையோ ஞாபகப்படுத்துகிறதே என்று நினைத்தேன்.) ஆக, வருகிறவர் ஆப்பிரிக்காவின் பெர்னார்ட் சார். அதிலும் சீனியர்.

முலேங்கா வந்தார், ஆபரேஷன் ஆயிற்று. மந்தைவெளியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் தங்கியிருந்தார். நான் தூக்குச்சட்டியோடு பார்க்கப் போனேன். நல்ல உயரம். தலை நரைத்திருந்தது. ஆபரேஷனுக்காகப் போட்ட கறுப்புக் கண்ணாடியில் சினிமா நடிகர் மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாகத் தட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, "பனா செல்வின்!" என்றார்.

பன்னா? செல்வின் பன் வாங்கித் தரச் சொன்னானா, அல்லது அங்கே இவருக்கு பன் சுட்டுக் கொடுத்துப் பழக்கிவிட்டானா? எதுவாக இருந்தால் என்ன, விருந்தாளி வாய்விட்டுக் கேட்டுவிட்டார். தூக்குச்சட்டியை வைத்துவிட்டு முனைக்கடைக்கு ஓடி இரண்டு பன் வாங்கி வந்தேன். அவர் கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. ஆனால் இரண்டையும் சாப்பிட்டார்.

மறுநாளும் "பனா செல்வின்!" என்றார். மறுநாளும் பன். மூன்றாம் நாள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பன்னை நீட்டிவிட்டேன். ஒரு மனிதருக்கு பன் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு நாள் வேளச்சேரியில் ஏதோ கண் பரிசோதனை இருந்தது. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது பெருங்குடி பக்கம் சதுப்பு நிலத்தைப் பார்த்தவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் கம்பெனிக் கட்டடங்கள், நடுவில் தண்ணீரில் கொக்கும் நாரையும் பூநாரையுமாக நின்றுகொண்டிருந்தன. கறுப்புக் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஆட்டோ டிரைவரிடம் ஏதோ கேட்டார். அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும்.

"இந்தப் பறவைங்களால யாருக்கு வருமானம்னு கேக்கிறாரும்மா" என்றான்.

"யாருக்கும் இல்லன்னு சொல்லு."

முலேங்கா என்னைப் பார்த்தார், பறவைகளைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். எங்கள் ஊர் பெரிய ஊர், சில்லறைக்கெல்லாம் ஆசைப்படாது என்று அவர் நினைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செல்வின் சொன்னபடி ஒரு வேளை சாப்பாட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தாலும், விழா என்றால் விருந்தாளிகளுக்கான பிரியாணி என் கையால்தான். அரிசி எவ்வளவு என்று கேட்கப் போனேன். தலைமை ஆசிரியை சிஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரோசம்மா, சீஃப் கெஸ்ட்டா வர்றதா இருந்த போலீஸ் ஆபீசர் வரமுடியாதுன்னு சொல்லிட்டார். நாளன்னைக்கு விழா. நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்?"

அந்த நிமிடம் என் நாக்கைப் பிடித்து நிறுத்த உலகத்தில் யாரும் இல்லை.

"இதுக்கா சிஸ்டர் கவலைப்படுறீங்க? ஆப்பிரிக்காலேர்ந்து ஒரு கேம்ஸ் மாஸ்டர் வந்துகீறார். ஸ்கவுட்டுக்கும் அவர்தான் தலை. சீனியர். நம்ம செல்வினுக்கு ரொம்ப வேண்டியவர். நான் சொன்னா வருவார்."

சிஸ்டர் முகம் மலர்ந்தது. மாலைக்குள் வாசலில் துணி பேனர் தொங்கியது. பெரிய எழுத்தில் 'ஆப்பிரிக்க விளையாட்டு மற்றும் சாரணர் ஆசிரியர்' என்று போட்டிருந்தது. அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவருக்கு வரவேற்பு, எனக்கும் மேடையில் நாற்காலி, அதைப் போட்டோ எடுத்துச் செல்வினுக்கு அனுப்புவது, கமிட்டியில் அவன் காண்ட்ராக்ட் நீட்டப்படுவது என்று என் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

பெர்னார்ட் சாருக்குத்தான் மனம் ஆறவில்லை. "ரோசக்கா, இருபத்திரண்டு வருஷமா இந்த கிரவுண்டுல வெயில்ல காயுறேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர்கூடப் போட்டதில்ல. எங்கேருந்தோ ஒரு கேம்ஸ் மாஸ்டர் வந்தா சோஃபா போடுறாங்களா?" என்றார்.

"நீங்களும் ஆப்பிரிக்கா போங்க சார். அங்க போடுவாங்க" என்றேன்.

விழா நாள் வந்தது. காலையிலேயே சத்துணவுக் கூடத்தில் இரண்டு தேக்சா பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டேன். அறுபது பேருக்கு, விருந்தாளிகளுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு பன்னும் மாம்பழ ஜூஸும். எனக்குப் பிறகு சமையல் வேலைக்கு வந்த தனலட்சுமியைக் காவல் வைத்துவிட்டு, மாம்பழ நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையேறினேன். பிரியாணி வாசனை மைதானம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நான் பெருமையாக நினைத்தேன். ஆபத்தாக நினைக்கத் தோன்றவில்லை.

ஆட்டோ டிரைவரை விட்டு 'பள்ளிக்கூடத்தில் விழா, வாங்க' என்று மட்டும் இங்கிலீஷில் சொல்லச் சொல்லியிருந்தேன். முலேங்கா கோட்டு போட்டு வந்திருந்தார். சாரணப் பிள்ளைகள் மூன்று விரல் சல்யூட் வைத்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்து நாலு விரலால் பதில் வைத்தார். பெர்னார்ட் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சீனியருக்கு ஒரு விரல் ஜாஸ்தி" என்றேன்.

மேடையில் சிஸ்டர் அவரோடு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் பெர்னார்ட் சாருக்கும் அவ்வப்போது திரும்பித் தமிழில் சொன்னார்.

"இங்க நமக்கு கபடி, கோகோ, த்ரோபால். உங்ககிட்ட என்னென்ன கேம் இருக்குன்னு கேட்டேன். பெரிய கேம், சின்ன கேம் ரெண்டும் இருக்காம். அதுல லெச்வேன்னு ஒண்ணு. கறுப்பு லெச்வே. அது உலகத்துல அவங்க ஊர்ல மட்டும்தான் உண்டாம்."

"தெரியும் சிஸ்டர். செல்வின் சொல்லிகீறான்" என்றேன். (சொல்லவில்லை.)

"தண்ணிக்குள்ள ஓடுமாம். ஒரே நேரத்துல ஆயிரக்கணக்குல ஓடுமாம்!"

பெர்னார்ட் சார் மெதுவாக, "தண்ணில ரிலே மாதிரி இருக்கும் போல" என்றார்.

"மழைத்தண்ணி வடிஞ்சதும் சீசனாம். வெளிநாட்டுலேருந்தெல்லாம் வருவாங்களாம். லைசென்ஸ் வாங்கி, பெரிய ஃபீஸ் கட்டணுமாம். ஆளுக்கு இத்தனைதான்னு கணக்காம்."

"என்ட்ரி ஃபீஸ்" என்றார் பெர்னார்ட் சார்.

"எல்லாருக்கும் டிராஃபி கிடைக்குமான்னு கேட்டேன். கிடைக்காதாம். சில பேர் ஒரு வாரம் வெயில்ல கிடந்துட்டு வெறுங்கையோட போவாங்களாம். கிடைச்சா இத்தனை பெரிசு இருக்குமாம்."

முலேங்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினார். மேஜை மேல் வரிசையாக இருந்த எங்கள் கோப்பைகளைப் பார்த்தேன். அதில் மிகப் பெரியது ஒரு டம்ளர் அளவு. வெட்கமாகிவிட்டது.

"அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சுவத்துல மாட்டுவாங்களாம்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் ஒரு நொடி யோசித்தார். "டிராஃபி அவங்களுக்கு, மிச்சத்தை எங்க ஊர் சாப்பிடும்ங்கிறார். போட்டி முடிஞ்சதும் ஊருக்கே விருந்து வைப்பாங்க போல! அந்தப் பணத்துலதான் பள்ளிக்கூடம் கட்டினாங்களாம், இவர் சம்பளமும் அதுலேருந்துதானாம். பார்த்தியா பெர்னார்ட், விளையாட்டை வெச்சே ஒரு ஊரைத் தூக்கி நிறுத்தியிருக்காங்க!"

பெர்னார்ட் சார் கண் கலங்கிவிட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்படியே பிரியாணி போட்டு அனுப்பியிருந்தால், மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் நிம்மதியாகச் செத்திருப்போம்.

ஆனால் ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்க வேண்டுமே. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் எட்டுப் பேர் கோட்டில் விரல் ஊன்றிக் குனிந்தார்கள். பெர்னார்ட் சார் தன் உயிரினும் மேலான துப்பாக்கியை எடுத்து வந்தார். அது சத்தம் மட்டும் போடும் துப்பாக்கி. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுத் துப்பாக்கிக்குப் பெரியப்பா முறை. இருபத்திரண்டு வருடமாக அதை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. அன்று மனம் நெகிழ்ந்து, இரண்டு கையாலும் ஏந்தி, முலேங்காவிடம் நீட்டினார்.

முலேங்காவின் சிரிப்பு நின்றது. துப்பாக்கியை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குழலுக்குள் பார்த்தார். பிறகு அதைக் கோட்டின் உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். இன்னொரு பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். பெர்னார்ட் சாரைப் பார்த்து இரண்டே சொல் கேட்டார்.

"உன் பேரும் லைசென்ஸும் கேக்கிறார்" என்றார் சிஸ்டர், குரல் இறங்கி.

"லைசென்ஸா? டூவீலர் லைசென்ஸ்தான் கீது சிஸ்டர்" என்று பெர்னார்ட் சார் அதை எடுத்து நீட்டினார். முலேங்கா அதை வாங்கி நம்பரைக் குறித்துக்கொண்டார்.

பாண்டு வாத்தியம் தானாக நின்றது. கோட்டில் பிள்ளைகள் இன்னும் குனிந்தே இருந்தார்கள். பெற்றோர் எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். 'வேற எதுவும் பண்ணாதே' என்று என் மகன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. செல்வின் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பதுபோல ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது. ஏதாவது செய்ய வேண்டும். முதலில் இந்தப் பிள்ளைகளை ஓடவைக்க வேண்டும். அதற்கு ஒரு சத்தம்தானே வேண்டும்?

மாலை வைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் தாம்பாளம் பக்கத்தில் கிடந்தது. மேஜையிலிருந்து மூன்றாம் பரிசுக் கோப்பையை எடுத்தேன். தாம்பாளத்தைத் தலைக்கு மேலே தூக்கி, என் பலம் முழுவதையும் கூட்டி, டாங் டாங் டாங் என்று மூன்று தட்டுத் தட்டினேன்.

(கோப்பையின் ஒரு காது கையோடு வந்துவிட்டது.)

முப்பத்தோரு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் நான் தட்டிய அதே மூன்று தட்டு. அதற்கு ஒரே அர்த்தம்தான். சோறு ரெடி.

எட்டுப் பிள்ளைகளும் துள்ளி எழுந்தார்கள். முன்னால் போகவில்லை, பின்பக்கம் திரும்பினார்கள். அவர்களோடு ஒன்றாம் வகுப்பு எழுந்தது, இரண்டாம் வகுப்பு எழுந்தது, கொடி பிடித்த சாரணர்கள், பாண்டு வாசித்த பையன்கள் முரசோடு, சாக்கு ஓட்டத்துக்குக் காத்திருந்தவர்கள் சாக்கோடு, முந்நூறு பிள்ளைகளும் ஒரே அலையாகச் சத்துணவுக் கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். காலையிலிருந்து பிரியாணி வாசனையை மோந்துகொண்டிருந்த பிள்ளைகள். அன்று யாராவது கடிகாரம் பிடித்திருந்தால் மாவட்ட அளவில் ஏதாவது கிடைத்திருக்கும். முதல் நாள் தண்ணீர் ஊற்றி இறுக்கிய மைதானத்தில் இன்னும் ஈரம் இருந்தது. சேறு தெறிக்கத் தெறிக்க ஓடினார்கள்.

மேடையில் முலேங்கா எழுந்து நின்றார். கையை நீட்டி உரக்கச் சொன்னார்: "லெச்வே!"

சிஸ்டர் அவரைப் பார்த்தார்.

"இப்படித்தான். சரியாக இப்படித்தான் தண்ணீரில் ஓடும். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். ஆனால் அதற்குக் கொம்பு இருக்கும்."

"கொம்பா?" என்றார் சிஸ்டர். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ரோசம்மா, கேமுக்குக் கொம்பு இருக்குமா?"

வாழ்க்கையில் முதல் முறையாக, மைக் பக்கத்திலேயே, முழு மைதானமும் கேட்கும்படி, "தெரியாது சிஸ்டர்" என்றேன்.

நான் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குள் போய்ச் சேர்வதற்குள், ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று இரண்டு தேக்சாவும் காலியாகியிருந்தன. தனலட்சுமி கரண்டியோடு களைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அடியே, அது விருந்தாளிங்க சாப்பாடுடி! ஏன்டி போட்டே?"

"நீதானேக்கா தட்டினே? தட்டுச் சத்தம் கேட்டா ஒரு கேள்வி கேக்காம போடணும்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?"

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் வளர்த்த வளர்ப்பு.

கடைசியில் முக்கிய விருந்தாளியைச் சிஸ்டரின் அறையில் உட்கார வைத்து, பிள்ளைகளுக்கென்று வைத்திருந்ததைக் கொடுத்தோம். ஒரு பன், ஒரு மாம்பழ ஜூஸ். 'நல்லவேளை, பன் என்றால் அவருக்கு உயிர்' என்று எனக்கு அந்த நேரத்திலும் ஓர் ஆறுதல். பன்னை நீட்டினேன். அவர் பன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வழிந்தது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அப்படியே வழியவிட்டார்.

பிறகு நிதானமாகச் சொன்னார், சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். கேம் என்றால் காட்டு விலங்கு. கேம் ஸ்கவுட் என்றால் அவற்றைக் காவல் காக்கிறவர். லெச்வே ஒரு மான். பறவையைப் பார்க்க வருகிறவர்களிடமும் ஊருக்குப் பணம் வருகிறது. ஒரு வருடத்துக்கு இத்தனை மான்தான் என்று கணக்கு வைத்து, காசு வாங்கிக்கொண்டு சுட விடுவதிலும் பணம் வருகிறது. சுட்டவனுக்குக் கொம்பு, ஊருக்குக் கறி. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம், மருந்துக்கடை, காவலர் சம்பளம். சீட்டு இல்லாமல் சுடுகிறவனைப் பிடித்துத் துப்பாக்கியைப் பறித்துப் பெயர் எழுதிக்கொள்வதுதான் இவர் வேலை.

"இருபது வருடமாகச் செய்கிற வேலை. துப்பாக்கியைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. பாக்கெட்டில் போட்ட பிறகுதான் இது பள்ளிக்கூடம் என்று ஞாபகம் வந்தது. அதற்குள் அந்த அம்மா தட்டிவிட்டார்" என்று சொல்லி, துப்பாக்கியைப் பெர்னார்ட் சாரிடம் திருப்பிக் கொடுத்தார். நோட்டுத் தாளைக் கிழித்து ரசீதும் கொடுத்தார். (பெர்னார்ட் சார் அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த முதல் சர்வதேசச் சான்றிதழ்.)

எனக்குப் புரிந்தது. எங்கள் கடலுக்கும் வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்று படகைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். அதை அவரிடம் சொல்லச் சொன்னேன். "அதேதான்" என்றார் முலேங்கா. "என் அப்பா சீட்டு இல்லாமல் சுட்டவர். நான் காவல் காக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் தெரியும்."

"பேனரைப் பார்த்தப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே" என்றார் அவர். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

"அப்போ இந்த பன்?" என்று நான் கேட்டேன்.

பனா என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் அம்மாவாம். பனா செல்வின் என்றால் செல்வினின் அம்மா. மரியாதைக்காக யாரையும் பெயர் சொல்லாமல் பிள்ளை பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். அந்த மனிதர் ஆறு நாளாக என்னை மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார், நான் ஆறு நாளாக அவர் வாயில் பன்னை அடைத்திருக்கிறேன். வீட்டு அம்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று எல்லாவற்றையும் தின்றிருக்கிறார். அவருக்கு பன் பிடிக்கவே பிடிக்காதாம்.

அன்று சாயங்காலம் அவரே செல்வினுக்குப் போன் போட்டார். அந்த ஊர்ப் பேச்சில் நீளமாகப் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'பிரியாணி' என்பது மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. போன் என் கைக்கு வந்தபோது செல்வின் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"ம்மா, ஒரு வேளை சாப்பாடுதானே போடச் சொன்னேன்?"

"போட்டேன்டா. முந்நூறு பேருக்குப் போட்டேன். அவர் ஒருத்தருக்குத்தான் போடல."

ஒரு மாதம் கழித்துக் கமிட்டி கூடியது. அந்த ஒரு மாதமும் நான் கோவிலில் ஏற்றிய மெழுகுவர்த்தியைச் சேர்த்து வைத்தால் ஒரு கலங்கரை விளக்கம் கட்டலாம். செல்வினே சொன்னான். முலேங்கா எழுந்து நின்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாராம்: "துப்பாக்கி இல்லாமல், ஒரு தட்டை வைத்து முந்நூறு தலை கொண்ட மந்தையை ஒரே திசையில் திருப்பிய பெண்ணை நான் என் புதுக் கண்ணால் பார்த்தேன். அவள் பிள்ளையை அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம் இல்லை." காண்ட்ராக்ட் மூன்று வருடம் நீண்டது. அது முடிந்ததும் மறுபடியும் நீட்டினார்கள்.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் எதைச் சொல்லி நான் தலையாட்டினாலும், என் மருமகள் "கொம்பு இருக்குமா அத்தை?" என்று கேட்காமல் விடுவதில்லை. மீந்துபோன குழம்பை வழிக்கும்போதெல்லாம் "மிச்சத்தை ஊர் சாப்பிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பெர்னார்ட் சார் விளையாட்டு விழாவுக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே தாம்பாளங்களை எல்லாம் பூட்டி வைத்துவிடுகிறார்.

அந்தச் சதுப்பு நிலத்து முகாமில் சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிட முன்பெல்லாம் மணி அடிப்பார்களாம். முலேங்கா அதைக் கழற்றிவிட்டு ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதற்கு 'பனா செல்வின்' என்று பெயர். படகில் திரும்பி வரும் வெள்ளைக்காரர்கள்கூடப் பசித்தால், "பனா செல்வின் அடிச்சாச்சா?" என்று கேட்கிறார்களாம்.

உலகத்தில் எங்கேயோ ஒரு மூலையில், செருப்பு மூக்குப் பறவை பார்த்துக்கொண்டிருக்க, தினமும் மூன்று வேளை என்னை அடிக்கிறார்கள். செல்வின் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் "தெரியும், தெரியும்" என்கிறேன். இது எனக்கு நிஜமாகவே தெரியும்.